பேரப்பிள்ளைகள் மீட்பார்களா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகன் விட்ட பக்தியைப் பேரன் மீட்பான் என்கிறார்கள். படிப்பும் வசதியும் கூடினால் மதம் தானாகத் தேய்ந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். இளைஞர்கள் வயதானதும் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது மூன்றாவது தரப்பு. இவற்றில் எதை நம்புவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். வழிபாட்டு இடங்களில் நரைத்த தலைகளே அதிகம் தெரிவதால், வயது பக்தியைக் கொண்டுவருகிறது என்று நினைத்துவிடுகிறோம். அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதிலும் வந்துகொண்டிருந்தவர்களாக இருக்கலாம். ஒரே ஆண்டில் எடுத்த கணக்கு இதைக் காட்டாது. ஒரே பத்தாண்டில் பிறந்தவர்களை 20, 40, 60 வயதுகளில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பிரிட்டனில் அப்படிப் பார்த்தபோது, ஒவ்வொரு தலைமுறையும் இளமையில் இருந்த அளவிலேயே பெரும்பாலும் நின்றது. அடுத்து வந்தது அதைவிடக் கீழே தொடங்கியது.

அந்தத் தரவுகளை ஆராய்ந்த டேவிட் வோவாஸும் அலஸ்டேர் கிராக்கெட்டும் 2005இல் ஒரு கணக்கைச் சொன்னார்கள். தாய் தந்தை இருவரும் மதப்பற்று உள்ளவர்கள் என்றால், அது பிள்ளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய பாதி வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லை என்றால், அந்த 'இல்லை' கிட்டத்தட்ட முழுதாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பேரனை நம்பிக் காத்திருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். இது பிரிட்டனின் கணக்கு. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒழுகும் இடம் எது என்பதை இது சரியாகக் காட்டுகிறது. பக்தி பெரும்பாலும் ஒருவரின் நடுவயதில் தொலைவதில்லை, கைமாறும்போதுதான் சிந்துகிறது.

எப்படிச் சிந்துகிறது? பிள்ளையை மத வகுப்பில் இறக்கிவிட்டு வாசலிலேயே போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெற்றோரைக் கவனியுங்கள். இது சிறுவர்களுக்கானது, வளர்ந்தால் விட்டுவிடலாம் என்பதைத்தான் பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது. கலிபோர்னியாவில் 1970 முதல் பல தலைமுறைக் குடும்பங்களைப் பின்தொடர்ந்த சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன், பெற்றோரின் நெருக்கம், குறிப்பாகத் தந்தையின் கனிவு, பெரிதும் உதவுவதைக் கண்டார். ஒழுங்காக வழிபட்டும் பிள்ளையிடம் விலகியே இருக்கும் தந்தையால் அதைக் கொடுக்க முடிவதில்லை. எனக்கு இது மிகவும் முக்கியமாகப் படுகிறது. போதனையைக் கூட்டினால் போதும் என்று நினைக்கும் வீடுகளில்தான் பிள்ளைகள் மனம் கசந்து வெளியேறுகிறார்கள்.

படிப்பும் வசதியும் தேய்க்கின்றன என்பதில் ஓரளவு உண்மை உண்டு. அதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. பணக்கார நாடுகளுக்குள்ளேயே வேறுபாடு பெரிது.

இனி மீட்பு. சோவியத் காலத்தில் மதம் ஒடுக்கப்பட்டிருந்த ரஷ்யாவில், தங்களை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் (அந்நாட்டின் மரபான திருச்சபையைச் சேர்ந்தவர்) என்று சொன்னவர்கள் 1991இல் 31 சதவீதம், 2008இல் 72 சதவீதம். அதே காலத்தில் மாதம் ஒரு முறையாவது வழிபாட்டுக்குப் போனவர்கள் 2இலிருந்து 7 சதவீதம் ஆனார்கள், அவ்வளவுதான். அடையாளம் ஒரே தலைமுறையில் திரும்பிவிட்டது. பழக்கம் அப்படித் திரும்பவில்லை. பெயரையும் கொடியையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எந்த நாளில் எந்தப் பிரார்த்தனை, எங்கே மௌனம் என்பதெல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று செய்து காட்டி வருவது.

பேரன் மீட்கிறான் என்று யாராவது சொன்னால், எதை என்று கேளுங்கள். பெயரை என்றால், நடக்கிறது. பழக்கத்தை என்றால், செய்து காட்ட வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இன்னும் இருக்கிறார்களா என்று பாருங்கள்.