பூகம்பத்தில் இறந்தவர்களுக்கு நினைவிடம் கட்டும் பணத்தில், உயிரோடு இருப்பவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாமே?

கேள்வியில் இருக்கும் கோபம் நியாயமானது. கூரை இல்லாமல் ஒருவர் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கும்போது பக்கத்தில் சிலை திறந்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வேலை நிமித்தம் குஜராத்தின் காந்திதாமில் குடியிருப்பவன் என்ற முறையில், கட்ச் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வீடுதான் முதலில் வந்தது. புஜ் நகரின் பூகம்ப நினைவிடமான 'ஸ்மிருதிவன்' திறக்க 21 ஆண்டுகள் ஆயின.

2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8.46. கட்ச்சின் பச்சாவ் ஊர்ப் பக்கம் மையம் கொண்ட 7.7 அளவு நிலநடுக்கம். குஜராத்தில் 13,800 பேருக்கு மேல் இறந்ததாக அரசுக் கணக்கு. கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள்தான் பெரும்பாலானோரைக் கொன்றன. அதனால் மறுகட்டுமானத்தின்போது புஜ்ஜில் குறுகலான தெருக்களை அகலப்படுத்தினார்கள். பல குடும்பங்களை ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். சரியான முடிவுதான். ஆனால் அதில் பழைய தெருக்களும், அவற்றில் யார் யார் இருந்தார்கள் என்பதும் சேர்ந்தே போய்விட்டன.

நினைவிடம் ஏன் வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது இங்கேதான்.

ஸ்மிருதிவன் புஜியோ குன்றின் மேல், சுமார் 470 ஏக்கரில் இருக்கிறது. ராஜீவ் கத்பாலியா வடிவமைத்தது. மழைநீர் ஓடி வீணாகாமல் சரிவு நெடுக ஐம்பது சிறு நீர்த்தேக்கங்கள். அவற்றின் கல் சுவர்களில் இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள், 12,900-க்கும் மேல். வறண்ட கட்ச்சில் தண்ணீரைத் தேக்கும் சுவரிலேயே பெயரைப் பதிப்பது என்று யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்த நீர்தான் சுற்றிலும் வைத்த மரங்களுக்குப் போகிறது.

என்னோடு வேலை பார்க்கும் புஜ்காரர் ஒருவருடன் அங்கே போனேன். அவருடைய அத்தை பெயரைத் தேடினோம். வழியில் ஒவ்வொரு பலகையாக நின்று நின்று வந்தார். இவர் எங்கள் தெருத் தையல்காரர் என்றார். இந்தப் பையன் பள்ளியில் எனக்கு முந்தின பெஞ்ச் என்றார். ஒரு பெயரில் விரலை வைத்துக்கொண்டு, இவரிடம் அப்பாவுக்குக் கடன் பாக்கி இருந்தது, கொடுக்க ஆளில்லாமல் போயிற்று என்றார். அத்தை பெயர் கிடைப்பதற்குள் ஒரு தெருவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பழைய அக்கம்பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட இந்தச் சுவரை விட்டால் வேறு இடமில்லை என்றார். எண்ணிக்கையை மட்டும் கல்லில் வெட்டி வைத்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

குன்றில் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பலரும் புகழ்வார்கள். நிலம் குலுங்குவதை உணர வைக்கும் அரங்கு இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்ல பாடம். என் மனம் என்னவோ சுவர்களிடம்தான் நின்றது.

கட்ச்சின் அஞ்சார் ஊரில் பிள்ளைகளுக்காக எழுப்பிய 'வீர் பாலக் ஸ்மாரக்' நினைவிடத்தையும் சொல்லியாக வேண்டும். அன்று காலை குடியரசு தின ஊர்வலமாகக் குறுகிய தெருவில் போன பள்ளிப் பிள்ளைகள் 185 பேரும் ஆசிரியர்கள் 20 பேரும், இரண்டு பக்கக் கட்டடங்களும் சரிந்து விழுந்ததில் இறந்தார்கள். இரண்டு நினைவிடங்களும் திறந்தது ஒரே நாளில், 2022 ஆகஸ்ட் 28. தெரு அகலம், கட்டட விதி என்றெல்லாம் படிக்கும்போது வெறும் காகிதமாகத் தெரியும். அங்கே இருக்கும் அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்த பிறகு அப்படித் தெரியாது.

பணத்தை உயிரோடு இருப்பவர்களுக்குச் செலவிடலாமே என்கிறீர்களே, அதுவும் புஜ்ஜில் நடந்திருக்கிறது. பூகம்பத்தில் அரசு மருத்துவமனையே நோயாளிகள் மேல் இடிந்து விழுந்தது. புதிதாகக் கட்டிய மருத்துவமனை, அஸ்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நிற்கிறது. தரை ஆடினால் அந்த ஆட்டத்தில் பெரும்பகுதியைத் தாங்கிகளே வாங்கிக்கொள்ளும். இந்தியாவில் இந்த முறையில் எழுந்த முதல் மருத்துவமனை அது. என்னைக் கேட்டால் அதையும் நினைவிடம் என்றே சொல்வேன்.

புஜ் போனால் அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடாதீர்கள். வெயில் ஏறுமுன் குன்றுப் பாதையில் நடந்து, நீர்த்தேக்கச் சுவர்களில் சில பெயர்களையாவது வாய்விட்டுப் படியுங்கள். எழுத்து தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள், படித்துச் சொல்வார்கள்.