லைசன்ஸ் அட்டையில் உடல் குறைபாட்டைக் குறித்தால் போலீஸ் சோதனையின்போது உதவுமா?

சில நாடுகளில் லைசன்ஸ் அட்டையிலேயே காது கேளாதவர், ஆட்டிசம் உள்ளவர், சர்க்கரை நோயாளி என்று குறி போடுகிறார்களாம், இந்தியாவிலும் அப்படி வந்தால் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் காது கேளாத பிள்ளை இருக்கிறது, பதினெட்டு முடிந்துவிட்டது, எல்எல்ஆர் போடுவதற்கு முன் இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நானாக ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊகம் தப்பாக இருந்தாலும் பதில் மாறாது.

என் பதில்: அட்டையில் வேண்டாம். போலீஸ்காரர் பார்க்கிற கணினிப் பதிவில் இருக்கட்டும். அதுவும் சம்பந்தப்பட்டவர் தானாகக் கேட்டுக்கொண்டால் மட்டும்.

இதைச் சொல்ல நீ யார் என்று கீழே யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு காதிலும் 80 டெசிபலுக்கு மேல் இழப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் போனாலே காது கேளாதவர்தான். ஹியரிங் எய்டு போட்டிருக்கிறேன். அது சத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும், பேச்சைப் பிரித்துக் கொடுக்காது. பேச்சுக்கு நான் நம்பியிருப்பது எதிராளியின் உதட்டை. என் உச்சரிப்பும் கொஞ்சம் குழறும். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதுதான் நடந்தது. இரவு நேரம், கல்யாண ரிசப்ஷன் ஒன்றிலிருந்து நானும் என் மகளும் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது எட்டு வயது, பின் சீட்டில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். பைபாஸில் தடுப்பு வைத்துச் சோதனை. ஓரங்கட்டச் சொல்லிக் கை காட்டினார்கள், கட்டினேன், கண்ணாடியை இறக்கினேன். வந்தவர் முகத்தில் மாஸ்க். கையில் டார்ச், அதை நேராக என் கண்ணில் அடித்தார். எனக்கு இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. உதடு மூடியிருக்கிறது, கண் கூசுகிறது. அவர் ஏதோ கேட்டார். "சார், எனக்குக் காது கேக்காது" என்றேன். நான் சொன்ன விதம் அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியாது, ஆனால் உடனே குனிந்து என் வாயருகே மோந்து பார்த்தார்.

லைசன்ஸை எடுத்து நீட்டினேன். அதில் என் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை எல்லாம் இருக்கிறது. காது பற்றி ஒன்றும் இல்லை. யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பேருந்துச் சலுகைக்கு வாங்கிய அட்டை என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குள் மகள் எழுந்துவிட்டாள். "அங்கிள், அப்பாவுக்குக் காது கேக்காது, எழுதிக் காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு அந்த மனிதர் என் பக்கம் திரும்பவே இல்லை. கேள்வி எல்லாம் அவளிடம்தான். வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள், அவர் கேட்ட முதல் கேள்வி: "பாப்பா, அப்பா குடிச்சிருக்காரா?"

எட்டு வயதுக் குழந்தையிடம்.

ஊதச் சொன்னார்கள், ஊதினேன். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால்தான் குற்றம், கருவியில் வந்தது பூஜ்யம். அனுப்பிவிட்டார்கள். அவரும் மாஸ்க்கைக் கீழே இழுத்துக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னார், அது மட்டும் உதட்டில் தெளிவாகத் தெரிந்தது: "காது கேக்காதவனுக்கு எவன்யா லைசன்ஸ் குடுத்தான்?"

அரசாங்கம் கொடுத்தது ஐயா. 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் காது கேளாதவர்கள் விண்ணப்பிக்கலாம், தேர்வில் தேறினால் உரிமம் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. 2016 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் இதையே எழுதியது. அதற்கு முன், லைசன்ஸ் விண்ணப்பத்தோடு கொடுக்கிற உடல்தகுதிப் படிவமான படிவம் 1இல் இருக்கிற "சாதாரண ஒலி சமிக்ஞைகூடக் கேட்காத அளவுக்குக் காது கேளாதவரா" என்ற ஒற்றைக் கேள்விதான் எங்கள் ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆம் என்று எழுதினால் உரிமம் கிடையாது, இல்லை என்று எழுதினால் பொய்.

போலீஸ்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ராத்திரி முழுக்கத் தூசியிலும் புகையிலும் நிற்கிறவர்கள் மாஸ்க் போடாமல் என்ன செய்வார்கள். குடித்துவிட்டு ஓட்டுபவனைப் பிடிக்கத்தான் நிற்கிறார்கள், குழறிப் பேசினால் சந்தேகப்படத்தான் செய்வார்கள். என் வருத்தம் அது இல்லை. நான் யார் என்பதை அவருக்கு முன்னாலேயே சொல்லிவைக்க எந்த வழியும் இல்லை என்பதுதான்.

"அப்படியென்றால் அட்டையில் குறி இருந்திருந்தால் நல்லதுதானே?" என்பீர்கள். அந்த ராத்திரி நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அந்த அட்டையை நான் எங்கெல்லாம் நீட்டுகிறேன் என்று யோசித்தேன். லாட்ஜில் அறை எடுக்கும்போது, சிம் வாங்கும்போது, அலுவலக வாசலில் செக்யூரிட்டியிடம், வாடகைக்கு வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரிடம். ஜெராக்ஸ் எத்தனை பேரிடம் இருக்கிறதோ கடவுளுக்குத்தான் தெரியும். நம் ஊரில் லைசன்ஸ் வண்டி ஓட்ட மட்டுமா பயன்படுகிறது? போலீஸுக்காகப் போடுகிற குறியை முக்கால்வாசி நேரம் படிக்கப்போவது போலீஸ் இல்லை. காது என்றாலாவது பரவாயில்லை. வலிப்பு என்றோ மனநோய் என்றோ அச்சடித்த அட்டையைக் கொடுத்து வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இப்போது பாதிப்பேர் அட்டையையே கொண்டு போவதில்லை. 2018இலேயே டிஜிலாக்கரில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சர்க்கரை தாழ்ந்து ஸ்டீயரிங் மேல் சாய்ந்து கிடப்பவரின் பூட்டிய செல்போனைத் திறந்து டிஜிலாக்கருக்குள் போய் யார் பார்ப்பது? லோ சுகர் வந்தவரும் வியர்த்து, குழறி, சம்பந்தமில்லாமல் பேசுவார், குடித்தவர் மாதிரியே இருப்பார். எங்களைவிட அவர்களுக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை, ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்குக் கையில் மாட்டுகிற மருத்துவ வளையமோ, போன் பூட்டுத்திரையில் தெரிகிற அவசரத் தகவலோதான் சரி.

குறியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வகைக் குறி ஏற்கெனவே இருக்கிறது, அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. என் நண்பன் ஒருவனுக்கு வலது கால் போலியோவில் போய்விட்டது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓட்டுகிறான். அவன் லைசன்ஸில் மாற்றியமைத்த வாகனம் என்ற பிரிவு மட்டும் இருக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவன் எந்த வண்டியை ஓட்டலாம் என்பதை அது சொல்கிறது, அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இதையே எண்களாகப் போடுகிறார்கள். அட்டையின் பின்பக்கம் 01 என்றால் கண்ணாடி அணிந்து ஓட்ட வேண்டும், 02 என்றால் காதுக்கருவி, 78 என்றால் ஆட்டோமேட்டிக் கியர் மட்டும். தெரிந்தவருக்குத்தான் புரியும். லாட்ஜ்காரருக்குப் புரியாது, புரியவும் வேண்டாம்.

ஜப்பானில் வேறு மாதிரி. 2008இலிருந்து, காதுக்கருவி போட்டும் 10 மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் ஹாரன் கேட்காதவர்கள் காரில் பட்டாம்பூச்சிச் சின்னம் ஒட்டியே ஆக வேண்டும், பச்சை வட்டத்தில் மஞ்சள் பட்டாம்பூச்சி. கட்டாயம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தச் சின்னம் ஒட்டிய காரை மற்றவர்கள் நெருக்கி ஓட்டினாலோ குறுக்கே புகுந்தாலோ அது குற்றம். ஒட்டியவருக்கு ஒரு கடமை, பார்ப்பவருக்கு ஒரு கடமை. நம் ஊரில் சின்னம் மட்டும் வரும், மற்ற பாதி வராது என்பது என் பயம். எல் போர்டு மாட்டிய வண்டிக்குப் பின்னால் எவ்வளவு ஹாரன் அடிக்கிறார்கள் என்று பார்த்தவர்கள் என் பயத்தைத் தப்பு சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது டெக்சாஸ் செய்திருப்பது. அங்கே 2019 முதல், வண்டியைப் பதிவு செய்யும்போதே, ஓட்டுபவருக்குப் போலீஸோடு பேசுவதில் சிரமம் உண்டு என்று விருப்பப்பட்டால் தெரிவித்துவைக்கலாம். போலீஸ்காரர் வண்டி எண்ணைத் தட்டினால் கிட்டே வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். லைசன்ஸிலும் போட்டுக்கொள்ளலாம், டாக்டரின் கையெழுத்து வேண்டும். இரண்டும் அவரவர் இஷ்டம். காதா, ஆட்டிசமா என்று நோயின் பெயரைத் தெருவில் வாசிக்க வேண்டியதில்லை.

"அமெரிக்காவைப் பார்த்து அளக்காதே" என்பவர்களுக்கு: இங்கேயும் போலீஸ்காரர் இ-சலான் கருவியில் வண்டி எண்ணைத் தட்டினால் இன்சூரன்ஸ் முடிந்த தேதி வரைக்கும் வருகிறது. 2020 அக்டோபரிலிருந்து புது வண்டிப் பதிவுப் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளியா என்று கேட்கிறார்கள், வரிச்சலுகைக்காக. கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு "எழுதிக் காட்டவும்" என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டமா வேண்டும்?

வலிப்பு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கேள்வியில் மருத்துவக் காரணங்கள் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் பொதுவாகக் கார் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். இங்கே வலிப்பு நோய் என்று படிவத்தில் எழுதினாலே கதவு மூடிவிடும், எத்தனை வருடம் வராமல் இருந்தாலும். இந்த நிலையில் யார் உண்மையை எழுதுவார்கள்? மருந்தைச் சரியாகச் சாப்பிட்டுக்கொண்டு, வெளியே சொல்லாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பது என் எண்ணம். சொன்னால் தண்டனை என்றிருக்கும் இடத்தில் குறி போடுவதைப் பற்றிப் பேசுவதே வீண்.

ஹாரன் கேட்காதவன் எப்படிப் பத்திரமாக ஓட்டுவான் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றி, பாட்டை அலறவிட்டு ஓட்டுபவர்களுக்கு என்ன கேட்கிறது? நான் மூன்று கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறேன், வேறு வழி இல்லாததால் அது பழக்கமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தால் சைரன் எனக்குக் கேட்காது, மேலே சுழலும் விளக்கு தெரியும். முன்னால் போகிறவர்கள் ஒதுங்குவதும் தெரியும்.

தலைப்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். போலீஸ் என்னைப் பாடாய்ப்படுத்தியதைவிட ஒரு வங்கி படுத்திய பாடு அதிகம். ஏடிஎம் கார்டு முடங்கிவிட்டது, கிளைக்கு நேரில் போனேன். கஸ்டமர் கேருக்கு நீங்களே போன் செய்து பிறந்த தேதியை வாயால் சொல்ல வேண்டும், விதி அப்படி என்றார்கள். காது கேட்காது என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "வீட்டுல வேற யாரையாவது பேசச் சொல்லுங்க சார்" என்றார் அந்தப் பையன். கார்டு விவரத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று தினமும் எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களும் அவர்கள்தான். என் கணக்கில் நான் காது கேளாதவன் என்பது பதிவாகியிருக்கிறது. பதிவாகி என்ன பயன்? பார்ப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சரி, உங்கள் பிள்ளைக்கு வருகிறேன். படிவத்தில் எதையும் மறைக்க வேண்டாம். ஆடியோகிராம் என்கிற காது சோதனை அறிக்கையையும் யுடிஐடியையும், மேலே சொன்ன அமைச்சகத்தின் 2016 சுற்றறிக்கையின் ஒரு பிரதியையும் கொண்டு போங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாதவர்தான் வாய்த்தார், டாக்டர் சான்றிதழ் வாங்கி வா என்று அலையவிட்டார். ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் "எனக்குக் காது கேட்காது. டார்ச்சை என் முகத்தில் அடிக்காமல் எழுதிக் காட்டுங்கள்" என்று எழுதி லேமினேட் செய்து கார் சன்வைசரில் செருகிவையுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அரசாங்கமே இப்படிக் கொடுக்கிறது. இங்கே நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். இரவில் நிறுத்தினால் உடனே உள் விளக்கைப் போடச் சொல்லுங்கள், கை இரண்டும் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். அந்த அட்டையை நான் செய்த பிறகு நிறுத்தியவர்கள் யாரும் என்னை ஊதச் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் என்னிடமே சைகையில் கேட்டார்கள், மகளிடம் கேட்கவில்லை.

பைக் என்றால் ஹெல்மெட்டை ஹியரிங் எய்டோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் கருவி கீச்சென்று விசிலடிக்கும், பிள்ளை அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவான். அறுவை சிகிச்சை செய்து உள்ளே பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளாண்ட் கருவி என்றால் ஹெல்மெட்டைக் கழற்றும்போது வெளிக்கருவி கீழே விழாமல் ஒரு கை அதைப் பிடித்திருக்க வேண்டும். அது விலை அதிகம், சொல்லிவையுங்கள்.