ஏற்காட்டுப் பொடியும் 5 லட்சம் வியூவும்

கேள்வி: ஏற்காடு மலை மூலிகைப் பொடி ஒரு மண்டலம் சாப்பிட்டா சுகர் அடியோட போயிரும்னு யூடியூப்ல ஒரு டாக்டர் சொல்றாரு. 5 லட்சம் பேர் பாத்திருக்காங்க. அப்பா ஆர்டர் போடச் சொல்றாரு. நம்பலாமா சார்?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: 5 லட்சம் பேர் பாத்தாங்க சரிம்மா, அதுல எத்தனை பேருக்கு சுகர் போச்சு? செவ்வாப்பேட்டைல கொலுசு வாங்கப் போனா டச் (வெள்ளியோட சுத்தம்) எவ்ளோன்னு கேக்காம காசை எடுப்பீங்களா, அப்பா உடம்புக்கு மட்டும் வெள்ளைக் கோட்டு போதுமா?

சுகரை குணமாக்கும்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதையே 1954-ல வந்த டிரக்ஸ் அண்ட் மேஜிக் ரெமடீஸ் சட்டம் தடை பண்ணிருக்கு, அலோபதியோ சித்தாவோ எதுவா இருந்தாலும். அதனால 'அடியோட போயிரும்'னு சொல்லி கீழயே ஆர்டர் நம்பரும் போட்டிருந்தா பொடி வேலை செய்யுமா செய்யாதான்னு நீங்க மண்டைய உடைச்சுக்கவே வேணாம், அந்தாளு வாயத் தொறக்கும்போதே சட்டத்த மீறிட்டாரு.

டாக்டர்னா ரிஜிஸ்டர் நம்பர் இருக்கணும். எம்பிபிஎஸ்னா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில்ல பதிஞ்சிருக்காரான்னு பாருங்க, சித்தாவுக்கும் தனி கவுன்சில் இருக்கு. 'ஆராய்ச்சில நிரூபிச்சது'ன்னா எலிக்கா மனுசனுக்கான்னு கேளுங்க, பாதி வீடியோ அங்கயே படுத்துரும். '300 இருந்துச்சு, 130 ஆயிருச்சு'ன்னு சாட்சி சொல்றவரு கூடவே மாத்திரையும் போட்டாரா, சோத்தக் குறைச்சாரா, அது ஒரு நாள் ரீடிங்கா இல்ல மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சியா, ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

'மூலிகைதானே, என்ன பண்ணிரும்'னு அப்பா கேப்பாரு. மூலிகை, இயற்கைன்னு வித்த சில சுகர் அயிட்டத்துல லேபிள்ல சொல்லாம இங்கிலீஷ் மருந்தே கலந்திருந்துச்சுன்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-ல எச்சரிக்கை விட்டுச்சு. ஏற்கனவே மாத்திரை போடுறவருக்கு அப்படி ஒண்ணு உள்ள போனா சுகர் தடால்னு எறங்கி மயங்கி விழலாம். (ஏற்காட்டுல காபி, மிளகு வெளையுறது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பொடில என்ன செடி இருக்குன்னு உங்க கேள்வியிலயும் இல்ல, வீடியோலயும் இருக்காதுன்னு நெனைக்கிறேன்.)

நெட்ல படிக்கத்தான் வேணும்னா பொருள் விக்காத எடமாப் பாத்துப் படிங்க. உலக சுகாதார நிறுவனம் இருக்கு, அமெரிக்க அரசு நடத்துற மெட்லைன்பிளஸ் இருக்கு, எழுதின தேதியும் அதுலயே இருக்கும்.

ஒண்ணு மட்டும் நீங்க எழுதவே இல்ல, அப்பா இப்ப மாத்திரை போடுறாரா? வீடியோவ நம்பி நிறுத்தியிருந்தா இந்தப் பக்கத்த மூடி வெச்சுட்டு தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண் 104-க்கு போன் போடுங்க, ஃப்ரீதான்.