பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பூமரம்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முகப்புக்கு முன்னால் 40 அடிக்கு 30 அடி திறந்த இடம், பின்கட்டைத் தாண்டி அதைப்போல் இரண்டு மடங்கு. நாங்கள் சென்னையில் இருக்கிறோம். பொங்கலுக்கும் மே மாத லீவுக்கும்தான் ஊருக்கு வருவோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் விடுவார். குல்மோஹர், அசோகா, செம்பருத்தி, இட்லிப்பூ வைக்கலாம் என்று ஆசை. போன வருடம் முகப்பை ஒட்டி வைத்த இட்லிப்பூ நாலும் வெளுத்துப் போய்ச் செத்துவிட்டன. எதை வைத்தால் பிழைக்கும்? வீட்டுக்கும் சேதம் வரக் கூடாது. (ஒரு வாசகி, சென்னை)

பதில்: செத்துப்போன இட்லிப்பூவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இடத்தைப் பற்றி அந்த நாலு செடி சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது.

முதலில் கொழுந்து இலை மஞ்சளாகியிருக்கும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றிருக்கும். அது இரும்புச் சத்துக் குறை. செட்டிநாட்டுச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். மண் சிவந்திருப்பதே இரும்பால்தான். ஆனால் உங்கள் முகப்பு ஓரத்தில் இருப்பது வெறும் செம்மண் இல்லை. நம் பழைய வீடுகள் சுண்ணாம்பால் எழுந்தவை. எத்தனையோ தடவை மராமத்து நடந்திருக்கும். கொத்திய காரையை வண்டி வைத்து யார் வெளியே கொண்டுபோனார்கள்? அங்கேயே பரப்பி மேலே மண்ணைத் தூவியிருப்பார்கள். ஓரடி தோண்டிப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகக் காரைக்கட்டி வரும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் வேர் உறிஞ்சும்படி கரையாது. சோற்றுப் பானையைப் பூட்டி வைத்த கதைதான். இட்லிப்பூவோ புளிப்பு மண், அதாவது அமில மண் கேட்கிற செடி. நம் காட்டுச் செம்மண்ணில் செழிக்கும், காரை மண்ணில் தவிக்கும்.

சோதித்துப் பார்க்கச் செலவில்லை. முகப்பு ஓரத்திலிருந்து ஒரு பிடி, பின்னால் நடுக்கொல்லையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் காயவைத்து, இரண்டிலும் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. முறையாக மண் பரிசோதனை செய்வதானால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

ஆகவே இட்லிப்பூவையும் செம்பருத்தியையும் கொல்லைக்குக் கொண்டுபோங்கள். மறுபடி மஞ்சள் தட்டினால், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு 5 கிராம், எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை, இரண்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலை நேரத்தில் இலை மேல் தெளியுங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை விழும், ஆத்தங்குடி கல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். முகப்பு ஓரத்துக்கு அரளி, ஈழத்தலரி, நர்சரியில் டெகோமா என்று விற்கிற மஞ்சள் பூச்செடி இவை போதும். சுண்ணாம்பையும் தாங்கும், ஒரு வாரம் தண்ணீர் தவறினாலும் கோபித்துக்கொள்ளாது. அரளியை ஆடு கடிக்காது என்பது தெருப்பக்கத்துக்கு ஒரு சௌகரியம். காரணம் அதன் விஷம். சின்னப் பிள்ளைகள் வந்து போகிற வீடு என்றால் எட்டாத இடத்தில் வையுங்கள். அரளிவிதை என்று பேர் வாங்கிய மஞ்சள் அரளி மட்டும் வேண்டவே வேண்டாம்.

குல்மோஹருக்கு வருகிறேன். மே மாதத்தில் அதைப் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். வேர் ஆழப் போகாமல் மேலாகவே படரும், தளத்தைத் தூக்கும். கிளையும் முறியும் சுபாவம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் மரங்கள் சாய்ந்து கிடந்ததை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் பொடி இலை நாட்டு ஓட்டின் இடுக்கில் புகுந்து, கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் தங்கி, மழையில் ஊறி மக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் ஓட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற தேக்கு உத்தரம் நனையும். பெரிய இலையைக் கூட்டிவிடலாம், பொடி இலையை என்ன செய்வது? இயல்வாகைக்கும் இதே ஆட்சேபம்தான். அது மஞ்சள் பூக்கிற குல்மோஹர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆள் இன்னும் பெரியது.

நர்சரியில் 'அசோகா' என்று கொடுப்பது பெரும்பாலும் நெட்டிலிங்கம். குறுகலாக நெட்டுக்கு வளரும், பூ கண்ணில் படாது. உண்மையான அசோக மரம் ஆரஞ்சுக் கொத்தாகப் பூக்கும் அழகி, ஆனால் நிழலும் ஈரமும் உள்ள காட்டில் பிறந்தவள். வாரம் இரண்டு நாள் தண்ணீரில் நம் சித்திரை வெயிலைத் தாங்கச் சொல்வது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

முகப்பின் முன் நான் வைப்பதாக இருந்தால் ஒரே ஒரு சரக்கொன்றை, சுவரிலிருந்து 15 அடி தள்ளி. சின்ன முன்வாசலில் அந்த ஒன்றுக்கு மேல் மரம் வேண்டாம். வறட்சி தாங்கும், நீங்கள் மே லீவுக்கு வரும்போது இலை உதிர்த்துவிட்டுப் பொன்னாய்த் தொங்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம், இடம் மாற்றினால் பிடிக்காது. அதனால் பையில் சுருண்டு கிடந்த ஆறடி மரத்தை வாங்காமல், இரண்டடிக் கன்றாக வாங்குங்கள். நாலைந்து வருடம் பொறுக்க வேண்டும். பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் காகிதப்பூ. வெயிலும் பட்டினியும்தான் அதற்கு எரு. நிறையத் தண்ணீர் விட்டால் இலையாகவே ஓடும். உங்கள் ஆள் தண்ணீர் விட மறக்கிற ஒரே செடியாக அது இருக்கட்டும். கொல்லையிலேயே வையுங்கள், அதற்கும் காரை மண் ஒத்துக்கொள்ளாது.

கொல்லையில் இடம் தாராளம். ஒரு மகிழமரம் வையுங்கள். மெதுவாக வளரும், ஆனால் வருடம் முழுவதும் பச்சை, அடர்ந்த நிழல், உதிர்ந்த பூ காய்ந்த பிறகும் மணக்கும். பக்கத்தில் ஊதா மந்தாரை ஒன்று. அது மழைக்காலத்தில் பூக்கத் தொடங்கும், இருபது அடியோடு நின்றுவிடும். பவளமல்லியும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை, நீங்கள் இல்லாத மாதங்களில் விடியக்காலை கொட்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்காவது கிடைக்கட்டுமே! காம்பில் சாயம் உண்டு, கீழே மண்தரையாக இருக்கட்டும். வேலி ஓரத்துக்கு மருதாணி, நடுநடுவே நந்தியாவட்டை.

பச்சைச் சுவர் மாதிரி நிற்கும் என்று யாராவது கோனோகார்பஸ் தந்தால் வாங்காதீர்கள். வேர் குழாய்களுக்குள் போகிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்று குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை போட்டது.

நம் ஊரில் அதிகமான கன்றுகளைக் கொல்வது வெயில் இல்லை, குழி. மேல்மண்ணுக்குக் கீழே செம்பூராங்கல் பாறையாக இறுகிக் கிடக்கும். கடப்பாரையால் வெட்டிய குழி கல்தொட்டி மாதிரி ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். நாம் தையில் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் விடவில்லை என்று அந்த ஆளைத் திட்டுவோம். மூன்றடி நீளம், அகலம், ஆழம் வெட்டி, நடுவதற்கு முன் குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நின்றால் அடியில் கடப்பாரையைச் செருகிப் பிளந்து வழி விடுங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள். எடுத்த செம்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் மணலும் கலந்து நிரப்பலாம். காரைக்கட்டி வந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள்.

பழைய வீட்டுச் சுவரை வேர் இடித்துத் தள்ளுவது அபூர்வம். ஈரம் கசிகிற விரிசல் இருந்தால் அதைத் தேடிப் போகும், அவ்வளவுதான். ஆகவே மரத்தைத் தள்ளி வைப்பதோடு ஒழுகுகிற குழாயையும் சரி பாருங்கள். உண்மையான ஆபத்து நீங்கள் நடாத மரம். காக்கை எச்சத்தில் விழுந்து கைப்பிடிச் சுவரிலும் ஓட்டு இடுக்கிலும் முளைக்கிற அரசங்கன்றும் ஆலங்கன்றும் சுண்ணாம்புக்குள் வேர் விட்டுச் சுவரையே பிளக்கும். இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கச் சொல்லுங்கள். மேலே வெட்டிவிட்டால் போதாது, மறுபடி தழைக்கும்.

இன்னொன்று, தோட்டக்கலையில் சேராத விஷயம். வீடு பங்காளிகளுக்குப் பொது என்றால், மரம் வைக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பின்னால் வெட்ட வேண்டுமென்றால் எல்லாப் புள்ளியும், அதாவது பங்குள்ள எல்லாக் குடும்பமும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொன்றைக்கு இடம் குறிக்கிற அன்றே அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில், வாரம் இரண்டு நாள் போதும், விடும் விதம் மாற வேண்டும். மரக்கன்றிலிருந்து ஓரடி தள்ளி, மெருகு பூசாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நிரப்பி மூடிவிடச் சொல்லுங்கள். கசிந்து கசிந்து வேருக்குப் போகும். கன்றைச் சுற்றித் தேங்காய் மட்டையும் சருகும் பரப்பினால் ஈரம் நிற்கும். இரண்டு கோடை இப்படித் தாண்டினால் கொன்றையும் மந்தாரையும் உங்கள் ஆளை எதிர்பார்க்காது. மகிழத்துக்கு இன்னும் ஒரு கோடை கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆவணியில் குழி வெட்டி ஆறவிடுங்கள், புரட்டாசியில் நடுங்கள். மே லீவில் வந்திருக்கும்போதே நட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.