சிங்க முத்திரையை நம்பிக் கட்டிய பணம்: கேள்வி பதில்

வங்கியில் என் கடைசி சில ஆண்டுகள் கார்டு புகார்கள் பிரிவில் கழிந்தன. ஓய்வு பெற்றுப் பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்துவிட்ட பிறகும் அந்தப் புகார்கள் என்னை விடுவதாக இல்லை. அரசு இணையதளம் என்று நம்பித் தனியார் தளங்களில் பணம் கட்டியவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: ஐயா, கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கடனுக்காக உத்யம் சான்றிதழ், அதாவது சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். கூகுளில் முதலில் வந்த தளத்தில் 2,499 ரூபாய் கட்டினேன், சான்றிதழும் வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர், "அது இலவசமாயிற்றே" என்று சிரிக்கிறார். பணம் திரும்புமா?

பதில்: இலவசம்தான். 2020 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே நான்கு சிங்க முத்திரை, மூவர்ணப் பட்டை. நடுவில் சிவப்பில் ஒரு கடிகாரம், 'பத்து நிமிடத்தில் விண்ணப்பம் காலாவதியாகும்' என்று மிரட்டுகிறது. அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தில், 'இது தனியார் ஆலோசனை நிறுவனத்தின் தளம்' என்று ஒரு வரி. எனக்கே மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. நாளை அவர்கள் நீட்டப்போவது அந்த வரியைத்தான். ரசீதிலும் 'ஆலோசனைக் கட்டணம்' என்றே போட்டிருக்கிறார்கள்.

ஆகவே 'திருட்டு' என்று வங்கிக்குப் போனால் வேலை நடக்காது. முதலில் அந்தச் சான்றிதழ் எண் உண்மையானதா என்று அரசின் உத்யம் தளத்தில் சரிபாருங்கள். போலி என்றால் அடுத்த பதிலில் சொல்வது உங்களுக்கும் பொருந்தும். உண்மை என்றால் இது நுகர்வோர் புகார். அரசுத் தளம் என்று எண்ணவைத்து வாங்கிய பணத்தை ஏழு நாளில் திருப்புமாறு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொய்யான அவசரம் காட்டுவது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு தடைசெய்த 13 ஏமாற்று முறைகளில் ஒன்று. கடிகாரத்தின் படத்தைக் கட்டாயம் இணையுங்கள். தனியார் நிறுவனம் அரசு முத்திரையைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு வழக்கைவிடப் புகார் பதிவாவதுதான் உறுத்தும். பதிவானதும் முழுத்தொகையும் திரும்பி வந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், பாதியோடு நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர்களுடைய அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மகனின் பாஸ்போர்ட்டுக்காக நேற்று இரவு டெபிட் கார்டில் 3,800 ரூபாய் கட்டினேன். நேர்காணல் தேதி வரவில்லை. அவர்களுடைய எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

பதில்: அம்மா, மீதியைப் பிறகு படியுங்கள், முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். தொகை, நேரம், வங்கியின் பெயர், குறுஞ்செய்தியில் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்கிறதோ அங்கேயே முடக்கத்தான் அந்த எண். ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு லாபம். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கார்டையும் முடக்கிவிடுங்கள். பணம் முடக்கப்பட்டாலும் உடனே கைக்கு வராது.

அடுத்து வங்கிக் கிளை. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தகராறு படிவத்தில் 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை' என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். செய்தது நீங்கள், ஓடிபியும் நீங்கள் போட்டது. பதிவேட்டில் அது இருப்பதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். 'பணம் கட்டினேன், சேவை கிடைக்கவில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதுதான் உண்மை, சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் வழியும் அதுதான். பெரியவர்களுக்கான 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கல் என்றால் கூடுதலாக 2,000. அந்தக் கணக்கையும் எழுதுங்கள்.

கேள்வி: மூன்று நாளில் புகார் செய்தால் வங்கியே முழுப்பணமும் தரவேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. கிளை மேலாளர் மறுக்கிறார். யார் சொல்வது சரி? (திருவொற்றியூர்)

பதில்: இருவரும் பாதி சரி. 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி, உங்கள் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளைப் பற்றியது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் இழப்பு உங்களுடையது அல்ல. நீங்களே பின் எண் போட்டுக் கட்டியது அதற்குள் வராது. அதற்காகத் தகராறு படிவத்தையே வாங்க மாட்டேன் என்று மேலாளர் சொல்ல முடியாது. எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை.

கேள்வி: காசிமேட்டில் கருவாடு வியாபாரம். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஒரு தளத்தில் கட்டினேன். இப்போது மாதாமாதம் 299 ரூபாய் போகிறதே?

பதில்: ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகவே பணம் எடுக்கும் அனுமதி, போட்டுவிட்டிருக்கிறார்கள், அம்மா. நீங்கள் பணம் அனுப்பும் செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள், இன்றைக்கே. போனதைப் பற்றி 1915இல் சொல்லுங்கள்.

கேள்வி: முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிந்தால் நம்பலாமா? (வியாசர்பாடி, கல்லூரி மாணவர்)

பதில்: முடிந்தால் நம்பலாம், தம்பி. நடுவில் 'கவ்' வந்து கடைசியில் 'டாட் காம்' என்றோ 'டாட் ஆர்க்' என்றோ இருந்தால் அது வேறு ஆள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வரை பார்த்து, அதற்கு முன்னால் இருக்கும் கடைசித் துண்டைப் படியுங்கள். ஆனால் எல்லா உண்மைத் தளமும் அப்படி முடிவதில்லை. ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி 'கோ டாட் இன்', தமிழகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளம் 'டாட் ஆர்க்'. இந்தக் குழப்பத்தில்தான் நானும் ஒருமுறை பேத்தியின் பிறப்புச் சான்றிதழுக்கு 499 ரூபாய் அழுதேன், கார்டு புகார்களைப் பார்த்தே வயிறு வளர்த்தவன்! இப்போதெல்லாம் தேடுவதே இல்லை. சந்தேகம் வந்தால் இ-சேவை மையத்துக்கு நடந்துவிடுகிறேன்.

கேள்வி: மீண்டும் தண்டையார்பேட்டை. புகார் கொடுத்த நான்காம் நாள் ஒருவர் சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பணத்தை விடுவிக்க 950 ரூபாய் கட்டச் சொல்கிறார். என் பெயர், தொகை எல்லாம் சரியாகச் சொல்கிறார்.

பதில்: சரியாகத்தான் சொல்வார், அம்மா, பெயரையும் தொகையையும் அந்தப் போலி பாஸ்போர்ட் தளத்தில் நிரப்பியதே நீங்கள்தானே. புகாரை விசாரிக்கப் போலீஸ் பணம் வாங்குவதில்லை. கட்டாதீர்கள். அவருடைய எண்ணைக் குறித்து, 1930இல் பழைய புகார் எண்ணைச் சொல்லி அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.