மோட்டார் சைக்கிள் எஞ்சின் பூட்டிய காருக்கு எந்த டிஃபரென்சியல்?

கேள்வி: நான் விசுவமடுவில் உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும் திருத்தும் கராஜ் ஒன்றை நடத்தி வருகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணா, பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளும் இரண்டு இருக்கைத் திறந்த கார் ஒன்றைக் கட்டுகிறார். முன்புறம் 2004ஆம் ஆண்டின் சுசுகி ஹயபூசா மோட்டார் சைக்கிளின் எஞ்சின், பின்புறம் ஃபோர்ட் சியரா காரின் டிஃபரென்சியல் (எஞ்சினின் சுழற்சியைக் குறைத்துப் பின் சில்லுகளுக்குப் பகிரும் பற்சில்லுப் பெட்டி), ரயர் 185/60 ஆர் 13. டிஃபரென்சியல் 3.92, 3.62, 3.14 என மூன்று விகிதங்களில் கிடைக்கிறதாம், 3.92 தான் மலிவு. வார இறுதியில் கிராமத்து வீதிகளில் ஓடவும், சில வேளைகளில் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகவும் விரும்புகிறார். எதை வாங்கச் சொல்வது?
– வாசகர், விசுவமடு

பதில்: 3.92 மலிவு என்பதற்காக அதை வாங்க வேண்டாம் என்று உங்கள் அண்ணாவிடம் சொல்லுங்கள். அவர் சொல்லும் பாவனைக்கு 3.14 தான் பொருத்தம். சில்லு ஒரு தடவை சுற்ற, டிஃபரென்சியலுக்குள் வரும் தண்டு எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பதையே இந்த எண் சொல்கிறது.

சியரா காரில் 3.92 நன்றாக ஓடியதே என்று அவர் கேட்கக்கூடும். அந்தக் காரின் ஐந்தாவது கியர் ஏறத்தாழ 0.82 என்பதால், அங்கே எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையிலான மொத்த விகிதம் 3.2 அளவிலேயே நின்றது. மோட்டார் சைக்கிள் எஞ்சினிலோ, கிளச்சுக்கு முன்பே 1.596 என்ற முதல் குறைப்பு ஒன்று இருக்கிறது. அதற்குப் பின் வரும் ஆறாவது கியரும் 1.043 ஆகையால் ஒன்றுக்குக் கீழே இறங்குவதில்லை. இவ்விரண்டையும் பெருக்கினால் 1.665. அதை 3.92ஆல் பெருக்கினால் மொத்த விகிதம் 6.5க்கு மேல் போய்விடும், அதாவது சியராவில் இருந்ததைப்போல இரு மடங்கு. சேறடிக்கும் கியரிலேயே உழவு இயந்திரத்தை ஏ35 வீதியில் பரந்தன் வரை ஓட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி வேகத்தைப் பார்ப்போம். அந்த ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.735 மீற்றர். இங்கிலாந்தின் நெடுஞ்சாலை எல்லையான மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீற்றர் வேகத்தில் ஆறாவது கியரில் ஓடும்போது, 3.92 உடன் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 தடவை சுற்றும், 3.62 உடன் 6,500, 3.14 உடன் 5,600. கூரையும் கண்ணாடியும் இல்லாத காரில் 7,000 சுற்றின் இரைச்சலை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு இருப்பதை நினைத்துப் பாருங்கள். 10,000 சுற்றில் எட்டும் வேகமும் 3.92 உடன் 160 கிலோமீற்றர் அளவோடு நின்றுவிட, 3.14 உடன் அது 199 வரை போகும்.

ஆயினும் உச்ச வேகத்தைவிட, நின்ற இடத்திலிருந்து கார் கிளம்புவதைப் பற்றியே நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம். விகித எண் குறையக் குறைய முதல் கியர் நீளும், அதாவது அதே சுற்றில் கார் கூடிய வேகத்தில் ஓடும். முதல் கியர் நீள நீள, கிளம்பும்போது கிளச் வழுக்கும் நேரமும் கூடும். மோட்டார் சைக்கிளின் கிளச், இரும்புச் சட்டத்தையும் இரண்டு ஆட்களையும் இழுப்பதற்கென்று செய்யப்பட்டதன்று. 3.14 உடன் முதல் கியரில் 10,000 சுற்றுக்குச் செல்லும் வேகம் 79 கிலோமீற்றர். அதே எஞ்சின் தன் சொந்த வண்டியில், 40க்கு 17 பல்லுச் செயின் சில்லுகளோடு, முதல் கியரில் 119 வரை போகக்கூடியது. ஆகவே 3.14ஐப் பூட்டினாலும் காரின் முதல் கியர் மூல வண்டியினதைவிட மூன்றில் ஒரு பங்கு குறுகியதாகவே இருக்கும். பாரம் இரு மடங்கானாலும், கிளச்சுக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டு நிதானமாகக் கிளப்பினால் ஹயபூசாவின் இழுவை அதற்குப் போதும். இதுவே 600 சிசி எஞ்சினாக இருந்திருந்தால், அதன் முறுக்குவிசை ஹயபூசாவினதில் பாதியளவே என்பதால், 3.92ஐயே வாங்கச் சொல்லியிருப்போம்.

3.14 கைக்கு எட்டாவிட்டால் 3.62ஐ வாங்கிச் சில்லையும் ரயரையும் மாற்றலாம். 195/50 ஆர் 15 ரயரின் சுற்றளவு 4 சதவீதம் கூடுதலாக இருப்பதால், 3.62 ஏறத்தாழ 3.47 போல நடந்துகொள்ளும். சில்லு வளைவுக்குள் இடம் இருக்கிறதா என்பதை முதலில் அளந்துகொள்ளட்டும்.

மோட்டார் சைக்கிள் கியர் பெட்டியில் பின்னோக்கி ஓடும் கியர் இல்லாதபடியால், அதற்கென்று தனிப் பெட்டி ஒன்றை, எஞ்சினிலிருந்து டிஃபரென்சியலுக்கு வரும் தண்டின் இடையே பூட்டுவார்கள். முன்னோக்கி ஓடும்போது அதன் விகிதம் 1 ஆக இருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறாது. இல்லாவிட்டால் அதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

பழைய டிஃபரென்சியலில் ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் நம்பிக் காசு கொடுக்கக் கூடாது. லொறி அச்சில் நீங்கள் செய்வதைப்போல, ஒரு பக்கச் சில்லுத் தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, பினியன் (எஞ்சின் பக்கத்துத் தண்டு பூட்டும் சிறு பற்சில்லு) எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். மூன்று சுற்றும் ஏழில் ஒரு பங்கும் வந்தால் அது 3.14, மூன்றரையைச் சற்றுத் தாண்டினால் 3.62, நான்குக்கு மயிரிழை குறைந்தால் 3.92. இரண்டு பக்கமும் சேர்ந்து சுற்றும்படி பூட்டப்பட்ட வகையானால் இரண்டையும் ஒரு சுற்று மட்டும் சுற்றினால் போதும். பினியனில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, சுற்றும்போது தொலைபேசியில் படம்பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணிப் பார்த்துச் சரி என்ற பிறகே காசு கைமாறட்டும்.