நாடக இசைத்தட்டைச் சேர்க்கும்போது கலைஞர் இடத்தில் ‘ஒரிஜினல் காஸ்ட்’ என்று போட்டால் போதுமா?

போதாது. ‘முதலில் நடித்த குழு’ என்றுதான் அதற்குப் பொருள். அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, தன்னார்வலர்கள் சேர்ந்து நிரப்பும் இணைய இசைத் தகவல் களஞ்சியமான மியூசிக்பிரைன்ஸிலும் அதையே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிப் போட்டால் பாடியவர் யாரென்று பிறகு தேடுபவருக்கு எதுவுமே கிடைக்காது.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரன். எங்கள் நாட்டு ‘கிங் காங்’ நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குத்துச்சண்டை வீரர் எசேக்கியல் ட்லமினியின் கதை. இசை டாட் மட்ஷிகிசா, பாடல் வரிகள் பாட் வில்லியம்ஸ். 1959இல் ஜோகன்னஸ்பர்க்கில் அரங்கேறி, 1961இல் லண்டன் போனது. இரண்டு ஊர்க் குழுவுக்கும் தனித்தனி இசைத்தட்டு உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் ஜாய்ஸ் வேடத்தில் பாடியவர் மிரியம் மக்கேபா. நாடகம் லண்டன் போனபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். லண்டனில் அந்த வேடம் பெக்கி பாங்கோவுக்கு.

பழைய சாமான் கடையில் லண்டன் தட்டு கிடைத்தபோது, பாட்டின் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ‘பேக் ஆஃப் த மூன்’ பாட்டை ஏற்கெனவே இருந்த மக்கேபா பதிவோடு இணைத்துவிட்டேன். சில மாதம் கழித்து இன்னொரு தன்னார்வலர் சுட்டிக்காட்டினார். அதுவரை பாங்கோ பாடியது மக்கேபா கணக்கில் கிடந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

தியாகராஜர் கீர்த்தனையை நூறு பேர் பாடினாலும் கீர்த்தனை ஒன்று, பதிவு நூறு. இங்கேயும் அதே கணக்கு. பாட்டுக்கு ஒரு பக்கம். அதோடு இசையமைத்தவரையும் வரிகள் எழுதியவரையும் இணையுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனிப் பக்கம். அதில் பாடியவரை இணையுங்கள். தட்டுக்குத் தலைமைப் பெயராக நான் இசையமைப்பாளரையும் பாடலாசிரியரையும் போடுகிறேன். எந்த ஊர், எந்த ஆண்டுக் குழு என்பதை வேறுபடுத்தும் குறிப்பில் எழுதுகிறேன்.

வகை கேட்கும் இடத்தில் ‘சவுண்ட்டிராக்’ என்று தரலாம். அங்கே அது சினிமாவுக்கு மட்டுமல்ல, மேடைக்கும் சேர்த்துத்தான். அதனால் எங்கள் நாட்டு இசை நாடகமான ‘சரஃபீனா’ மாதிரி முதலில் மேடையிலும் 1992இல் திரையிலும் வந்த ஒன்றென்றால் இரண்டையும் ஒரே தொகுப்பில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் ஆண்டு இல்லையென்றால், விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, நடு லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணைப் படியுங்கள். எந்தப் பதிப்பென்று தேட அது உதவும். அட்டை மாறிப்போயிருந்தாலும் அந்த எண் மாறாது.

அட்டையில் பெயரை எழுத்து மாற்றி அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அச்சில் இருக்கிறபடியே காட்டலாம், இணைப்பு மட்டும் சரியான ஆளுக்குப் போகட்டும். நாயுடு, பிள்ளை என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததா?

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது. கோயிலில் ஆடிய தெருக்கூத்து. இங்கே அதை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். உறையில் ‘அர்ச்சுனன் தபசு’ என்று மட்டும் பேனாவில் எழுதியிருக்கிறது, ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. கடையில் விற்காத பதிவையும் தனி ஒலிப்பதிவாகச் சேர்க்கலாம் என்று தெரிந்த பிறகு, ஆயாவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். குரலைக் கேட்டுக் கேட்டு நான்கு பேரை அடையாளம் சொன்னார். ஐந்தாவதாக ஒரு குரல் வந்ததும், “திரும்பப் போடு” என்றார். மூன்று முறை போட்டோம். பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு ஆயாவின் தம்பி வருகிறார், அவரிடம் கேட்க வேண்டும்.